மஞ்சுக்குள் எழுதிய பெயர்

என் இடத்தில் இப்போது எடிட்டிங் லேப் பொறுப்பில் இருக்கும் தம்பி சமீபத்தில் போன் செய்தார். "மிஸ், இப்பல்லாம் டைட்டிலுக்குப் பெருசா வேலையே இல்ல. என்ன மாதிரி வேணும்னு எழுதிக் குடுத்தாப் போதும், கம்ப்யூட்டரே எழுத்தை ஆட்டி அசைச்சுக் குடுத்துருது. உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்கன்னு பசங்க கேக்குறாங்க. துறை மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்றார். "உங்க காலம்" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்றபோது போர்த்திய சால்வையை நான் இன்னும் பீரோவில்கூட வைக்கவில்லை. அதற்குள் எனக்கென்று ஒரு காலம் வந்து, போயும் விட்டதாம்.

போனை வைக்கும் முன் மெல்ல இழுத்தார். "அந்தப் பூங்கொடி அக்கா விஷயத்தையும் எழுதுங்க மிஸ். இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளாளுக்கு ஒன்று சொல்வதால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பேய்க்கதை ஆகாது. பழைய பங்களாவைக் காட்டி, இங்கே வெள்ளைக்காரச்சி நடமாடுகிறாள் என்று சுற்றுலா வந்தவர்களிடம் கதைவிடும் டாக்சிக்காரர்களை முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கிறேன். ஆகவே நான் என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பூங்கொடியிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்க மிஸ், அம்மா பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

எனக்குச் சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூக்கடை. திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படித்தேன். கல்யாணம் என்னைக் கொடைக்கானலுக்கு ஏற்றியது. கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்துகொண்டேன். பிறகு காட்சித் தொடர்பியல் என்று ஒரு துறை ஆரம்பித்து, எடிட்டிங் மெஷின்களை அதே அறையில் கொண்டுவந்து இறக்கி, "சரஸ்வதி மிஸ் பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் செய்த தப்புகளைத் திருத்தித் திருத்தியே தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் துறையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால், அந்தப் படத்தின் பெயரும் வேலை செய்தவர்களின் பெயர்களும் அசைந்து வருகிற டைட்டிலைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண். படத்தில் கோட்டை விடுகிறவனும் டைட்டிலில் விளையாடித் தீர்த்துவிடுவான். எழுத்து வெடிக்கும், ரத்தம் சொட்டும், தங்கமாக மின்னும், பம்பரமாகச் சுற்றும். இயக்குநர் பெயர், அதாவது அவன் பெயர், இடி மின்னலோடு இறங்கும்.

இந்த ஆட்டத்துக்கெல்லாம் அணை போட்டவர் எங்கள் துறைத் தலைவர் தேவசகாயம் சார். மெலிந்த மனிதர், வெயில் அடித்தாலும் கழுத்தில் மப்ளர். அவர் டைட்டில் பார்க்கும் விதமே தனி. நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தச் சொல்வார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். திரையில் ஒரு பெயர் வந்ததும் அதை வாய்விட்டு, அவசரமில்லாமல், எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி வாசிப்பார். முடித்ததும் இன்னொரு முறை வாசிப்பார். இரண்டாவது வாசிப்பு முடியும்வரை பெயர் திரையில் நின்றால் பாஸ். நடுவில் ஓடிவிட்டால், "பேரு போயிருச்சேய்யா" என்பார். அதற்கு மேல் திட்ட மாட்டார். பையன் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு குதிரைக்காரர் காரணம். ஏரிக்கரையில் சவாரி விடுகிறவர். ஒரு பையனின் படத்துக்காக நாள் முழுக்கத் தன் குதிரையோடு நனைந்துகொண்டு நின்றார். நன்றி என்று அவர் பெயரைப் போட்டிருப்பதாகச் சொல்லி, திரையிடலுக்கு அழைத்தோம். வெள்ளைச் சட்டை போட்டு, மனைவி, மச்சான், மச்சான் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பெயர் இடது பக்கம் முளைத்து, வாணம் மாதிரி வலது பக்கம் பாய்ந்து காணாமல் போனது. படம் முழுக்கப் பொறுமையாகப் பார்த்துவிட்டு விளக்குப் போட்டதும் எழுந்து, "எம் பேரு எப்ப சார் வரும்?" என்று கேட்டார். சார் முகம் செத்துவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு முறை வாசிக்க ஆரம்பித்தார்.

என் பங்குக்கு நானும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். வரவு, இருப்பு, போக்கு. ஒவ்வொரு பெயரும் எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படிப் போகிறது என்று மூன்றையும் கணினியில் குறிக்க வேண்டும். பிள்ளைகள் வரவுக்கு உயிரைக் கொடுப்பார்கள், போக்கை மறந்துவிடுவார்கள். போக்கு வைக்காத பெயர் போகாது. அடுத்த பெயர் வந்து அதன்மேல் ஏறி உட்காரும், இரண்டையும் வாசிக்க முடியாது. "போக்கு எங்கடா?" என்று நான் கேட்பதை என் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவார்கள். தெரியும்.

டிராக்கர் என்று ஒன்று உண்டு. நான் சொல்லப்போவது புரிய அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். படத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, இதைப் பிடித்துக்கொள் என்றால், கேமரா ஆடினாலும் அசைந்தாலும் கணினி அந்தப் புள்ளியை விடாமல் பின்தொடரும். ஒரு எழுத்தை அதோடு கட்டிவிட்டால், அந்த இடத்திலேயே எழுதி வைத்தது போல ஒட்டி நிற்கும். வேலிக்கல்லில் ஒரு பெயர், மரத்தில் ஒரு பெயர் என்று வைக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் இதற்கு ஒரு சத்துரு உண்டு, பனிமூட்டம். மேகம் இறங்கிவிட்டால் வேலியும் தெரியாது, மரமும் தெரியாது. பிடித்த புள்ளியை டிராக்கர் தொலைத்துவிடும். தொலைத்துவிட்டேன் என்று அது நிற்கவும் செய்யாது. சூடான தோசைக்கல்லில் விட்ட தண்ணீர்ச் சொட்டு மாதிரி அங்கேயும் இங்கேயும் துள்ளும், எழுத்தும் சேர்ந்து துள்ளும். அதனால் மூட்டம் வருகிற இடத்தில் டிராக்கரை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கையால் நகர்த்த வேண்டும். இதை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்வேன்.

பூங்கொடி வில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து வந்து படித்த பெண். வீட்டில் பூண்டும் கேரட்டும் போடுகிறார்கள். வெள்ளனே எழுந்து தோட்டத்தில் ஒரு கை வேலை பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். அதிகம் பேச மாட்டாள். லேபில் அவள் உட்கார்ந்த இடம் போகும்போதும் துடைத்த மாதிரி இருக்கும், அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

டைட்டிலுக்காகத் தன் தோட்டத்துச் சரிவைப் படம் பிடித்து வந்திருந்தாள். கேமராவைக் கல்கட்டின் மேல் வைத்து எடுத்தது, காற்றில் லேசாக ஆடும். கீழே பூண்டு, வேலிக்கற்கள், ஒற்றைப் பேரிக்காய் மரம். வேலியில் ஓர் இடைவெளியிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே ஏறி, வலது பக்கம் திரும்பி, சோலைக்காட்டு ஓரம் இருக்கிற கேரட் தோட்டத்துக்குப் போகிறது. இடது பக்கம் பள்ளம். படத்தில் அந்தப் பள்ளத்திலிருந்து மூட்டம் எழுந்து, வலது பக்கமாக நகர்ந்து சரிவையே மூடுகிறது. கடைசியில் விலகி வெயில் அடிக்கிறது. படத்தின் பெயரை மரத்திலும், நண்பர்களின் பெயர்களை வேலிக்கற்களிலும் ஒட்டியிருந்தாள். கடைசியாக, தலைப்பு ஒன்றும் இல்லாமல், பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பெயர். சின்னராசு.

"இவரு யாரு? கேமராவா, மியூசிக்கா? மேல ஒண்ணும் போடலியே" என்றேன்.

"எங்கப்பா மிஸ்."

"அப்ப 'நன்றி'ன்னு போடணும். இல்லாட்டி..." என்று நிறுத்தினேன். இறந்தவர்களுக்கு எங்கள் துறையில் 'நினைவில்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு விளக்குப் படம் வைப்பது வழக்கம்.

"எதைப் போடணும்னு தெரியல மிஸ்" என்றாள். பிறகுதான் சொன்னாள்.

முந்தின வருடம் ஒரு பிற்பகலில், கேரட் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கியிருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா அந்தப் பாதையில் ஏறியிருக்கிறார். மேகம் இறங்கியது. மேகம் விலகியது. அவர் வரவில்லை. ஊரே தேடியது, போலீஸ் வந்தது, காட்டிலாகா வந்தது. தோட்டத்தையும் சோலைக்காட்டையும் நாட்கணக்கில் அலசினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

காணாமல் போனவர் வீட்டுக்கு வருகிற சங்கடம் செத்தவர் வீட்டுக்குக்கூட வராது. ஊர்க் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த முறை பொங்கல் வைக்கிற உரிமை அவர்கள் வீட்டுக்கு. அது தீட்டுக் கழியாத வீடா, தீட்டே இல்லாத வீடா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் தம்பி, பூங்கொடியின் சித்தப்பா, காரியத்தைச் செய்து முடித்துவிடலாம் என்றார். பூங்கொடி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளைப் பொறுத்தவரை காரியம் செய்வது அப்பாவை இவர்களே கொல்வதற்குச் சமம். அம்மா இரண்டு பக்கமும் சேரவில்லை. எனக்கு ஒரு அடையாளம் தெரியட்டும், அதுவரை தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"அப்ப ஒண்ணும் போடாத. பேரு மட்டும் இருக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "மிஸ், இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை. போய்ப் பார்த்தேன். நான் வேண்டாம் என்று சொன்னதையே செய்திருந்தாள், மூட்டத்துக்குள்ளும் டிராக்கரை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தாள். திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் படம் ஓட ஆரம்பித்தது.

மூட்டம் வந்து பாதையை மூடியது. திரையில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் பெயர் துள்ளவில்லை. பாதை தொடங்கிய இடத்திலிருந்து மெதுவாக நகர்ந்தது. கண்ணுக்கே தெரியாத பாதையில், அது வளைகிற இடத்தில் வளைந்து, மேலே ஏறியது. ஏறும்போது ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து தாழ்ந்து போனது. பாதி மேட்டில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், பாதையை விட்டு இடது பக்கம் இறங்கியது. பள்ளத்தின் விளிம்பு வரை போய் நின்றது. மூட்டம் விலகியது. வெயிலில், புல்லுக்கு மேல், சின்னராசு என்ற பெயர் ஆடாமல் அசையாமல் நின்றது. பூங்கொடி அதற்குப் போக்கு வைத்திருக்கவில்லை. பெயர் நின்றபடியே திரை கறுப்பானது.

"நீ கையால நகத்துனியா?"

"இல்ல மிஸ்."

கணினியில் பார்த்தேன். கை வைத்த அடையாளமே இல்லை. எனக்குத் தெரிந்த சோதனையெல்லாம் செய்தேன். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக ஓடவிட்டேன். அதே வழி, அதே இடத்தில் நின்றது. வேறு மெஷினில் போட்டேன், அதேதான். படத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டினேன். பெயர் பள்ளத்து விளிம்பிலிருந்து கிளம்பி, வந்த வழியே வேலிக்குத் திரும்பி வந்தது. பெயரை மறைத்துவிட்டு வெறும் மூட்டத்தைக் கருமையாக்கி, வெளுப்பாக்கி உற்றுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் வளாகத்திலும் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

தேவசகாயம் சாரைக் கூட்டி வந்தேன். ஒன்றும் சொல்லாமல்தான் காட்டினேன். வழக்கம்போல் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். கடைசிப் பெயரை இரண்டு முறை வாசித்து முடித்தார், அது இன்னும் மேடு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை. திரை கறுப்பானதும், "யாரும்மா நடந்து போறது?" என்று கேட்டார்.

நடக்கிறது என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பூங்கொடி சொன்னாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மப்ளரை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "மூட்டத்துல எங்கயாவது ஒரு இடம் அடர்த்தியா இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றார்.

"மூட்டம் இடமிருந்து வலமாப் போகுது சார். பேரு எதிர்த்துல்ல போகுது" என்றேன்.

மறுபடி ஒரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். "ஆமா" என்றார். மெஷினை அணைக்கப்போன பூங்கொடியைத் தடுத்து, "திருத்திராதம்மா. என்னன்னு தெரியாம ஒண்ணைத் திருத்தக் கூடாது. உங்க அம்மாவுக்கு இதைக் காட்டலாமா வேண்டாமான்னு மட்டும் யோசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் யோசித்தாளோ என்னவோ, திரையிடலுக்கு அம்மா வந்திருந்தார். சித்தப்பாவும் வந்திருந்தார். காலையில் தோட்டச் சோலியை முடித்துவிட்டு, கை கால் கழுவிய ஈரத்தோடு பஸ் ஏறி வந்திருந்தார்கள். நான் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று பூங்கொடி சொல்லியிருந்தாள். அதனால் ஒரு தைரியம் எனக்கு. எந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன்.

மரத்தில் எழுத்து வந்து போனது. வேலிக்கற்களில் வந்து போயின. "நம்ம பேரிக்கா மரந்தான்" என்று மெல்லச் சிரித்தார். மூட்டம் எழுந்தது. கடைசிப் பெயர் நகர ஆரம்பித்தது. அந்த அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இந்தா போறாகல்ல" என்றார்.

பெயர் ஒரு பக்கம் தாழ்ந்து தாழ்ந்து ஏறியது. "எடது முட்டி. அவுகளுக்கு எடது முட்டி ஆகாது" என்றார். பாதி மேட்டில் நின்றபோது, "இங்கன நிப்பாக. எப்பயும் இங்கனதேன் மூச்சு வாங்குவாக" என்றார். பாதையை விட்டு இடது பக்கம் திரும்பியதும் எழுந்தே விட்டார். "அங்கிட்டு எதுக்குப் போறாக? அங்கிட்டுத் தோட்டம் இல்லையே! கொழுந்தனாரே, அங்கிட்டு எதுக்குப் போறாக?"

சித்தப்பா திரையில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். அரங்கில் விளக்கைப் போட்டுவிட்டோம்.

வெளியே வராந்தாவில் வைத்து அந்த அம்மா மகளைக் கேட்டார். "ஏத்தா, மஞ்சுக்குள்ளயா அவுக பேரப் போட்ட?"

அவர்கள் ஊரில் பனிமூட்டத்தை மஞ்சு என்பார்கள். மஞ்சுக்குள் இருக்கிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது அங்கே வழக்கம். கூப்பிட்டால் கூப்பிட்டவரிடம் வராமல், குரல் கேட்டதாகத் தோன்றுகிற பக்கமே போய்விடுவார்களாம். ஆகவே ஓ என்று கத்தித்தான் ஒருவரையொருவர் தேடுவார்கள்.

"ஆமாம்மா, போட்டேன்" என்றாள் பூங்கொடி. இவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "அன்னைக்கு அத்தன பேரும் ஓ ஓன்னு கத்துனீக. யாரத் தேடுறாகன்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தராவது பேரச் சொன்னீகளா? அதான் நான் எழுதி விட்டேன். எங்க போட்டா கேக்குமோ அங்க போட்டேன்."

சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதேன். அழாமல் இருக்கிற ஆள் யாராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மறுநாளே சித்தப்பா ஆட்களைக் கூட்டிக்கொண்டு இடது பக்கம் தேடப் போனார். முன்பு தேடியவர்கள் எல்லாரும் காட்டுமாட்டை நினைத்துக்கொண்டு வலது பக்கமே போயிருந்தார்கள், இந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காட்டிலாகா ஆட்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். கொஞ்ச தூரத்துக்கு மேல் இறங்க முடியவில்லை, வெறும் பாறை, அதற்கும் கீழே மஞ்சு. எதுவும் கிடைக்கவில்லை.

சில நாட்கள் கழித்து மூன்று பேரும் லேபுக்கு வந்தார்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கேன்டீனுக்குப் போயிருந்த நேரம். சித்தப்பா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அந்தப் பேரு நின்ன எடத்துக்கு நாங்களும் போனோம் டீச்சரம்மா" என்றார். "விளிம்புதேன். ஒண்ணுமில்ல அங்க. ஆனா அங்கன நின்னு பாத்தா வீடு தெரியுது. மேட்டுல வேற எங்க நின்னாலும் தெரியாது. அங்கன மட்டும் எங்க மதினி அடுப்புப் பத்த வச்சாக்கூடத் தெரியும்."

அந்த அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னொரு வாட்டி காட்டுங்க தாயி" என்றார்.

காட்டினேன். பெயர் நடந்தது, மேட்டில் மூச்சு வாங்கியது, விளிம்பில் போய் நின்றது. திரை கறுப்பாகாமல் அங்கேயே நிறுத்தி வைக்கச் சொன்னார். வெயிலில் நின்ற அந்த எழுத்துகளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாதவர் எழுத்தை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"இம்புட்டு நாளா அங்கன நின்னுக்கிட்டு வீட்டப் பாத்துக்கிட்டு இருக்காக" என்றார். "பாவம், கால் வலிக்காதா? ஏத்தா, போகச் சொல்லு."

நான் பூங்கொடியைப் பார்த்தேன். அந்தப் பெயருக்குப் போக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஒரு விரல் வேலை. அவள் மவுஸில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். "என்னால முடியாதும்மா. நான் அனுப்ப மாட்டேன்" என்றாள். என்னைப் பார்த்தாள். நானும் மாட்டேன் என்று தலையசைத்தேன். இத்தனை வருடமாகப் போக்கு எங்கே, போக்கு எங்கே என்று கத்திய எனக்குக் கை வரவில்லை.

அந்த அம்மா திரைக்கு நேராகத் திரும்பி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"போங்க" என்றார்.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரையும் அப்படிச் சொல்வதில்லை. கோபத்தில்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். அவர் அந்த 'வாங்க'வைச் சொல்லவில்லை. வாசலில் நின்ற சித்தப்பா, "மதினி" என்று ஒரு அடி உள்ளே வந்தார்.

"போங்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன். போங்க."

பூங்கொடி சட்டென்று மவுஸை இழுத்தாள். போக்கு வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் டிராக்கரை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு கேட்டேன். போகவில்லை என்று அம்மாவுக்குக் காட்டத்தான் மிஸ் என்றாள்.

பெயர் வேலியிலிருந்து கிளம்பியது. மஞ்சுக்குள் ஏறியது. மேட்டில் நின்றது. எப்போதும் நிற்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றதாக எனக்குத் தோன்றியது, அளந்து பார்க்கவில்லை. பிறகு இடது பக்கம் இறங்கி விளிம்புக்குப் போனது. மஞ்சு விலகியது. வெயில் அடித்தது. பெயர் நின்றது.

பெயர் நகர்ந்தது. வெட்டவெளியில், வெயிலில், எதையும் பிடித்துக்கொண்டு நகர இடமில்லாத வெறும் புல்லின் மேல், ஒரு பக்கம் தாழ்ந்து தாழ்ந்து, அதே நடையில் இடது பக்கம் போனது. முதல் எழுத்து திரையின் ஓரத்தில் மறைந்தது. அடுத்தது மறைந்தது. ஒவ்வொன்றாகப் போய், கடைசி எழுத்தும் போனது. சரிவு மட்டும் இருந்தது.

அந்த அம்மா எழுந்தார். முகம் துடைக்கவில்லை, துடைக்க ஒன்றும் இல்லை. வாசல் பக்கம் திரும்பி, "காரியத்துக்கு நாள் பாருங்க கொழுந்தனாரே" என்றார்.

சித்தப்பா தலையை ஆட்டினார். திரையில் கணினி கேட்டுக்கொண்டு நின்றது, செய்ததை வைத்துக்கொள்ளவா, வேண்டாமா என்று. பூங்கொடி அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, சேவ் கொடுத்தாள்.